கெமராவில் முகம் இருந்தால் போதும்

புள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். பஸ்ஸில் யாராவது குழந்தையைத் தூக்கி வைத்திருந்தால், ‘கழுத்தை இப்படியா பிடிப்பது?’ என்று கண் தானாகப் பார்க்கும். எனக்கு அந்தத் திமிர் ஒரு சுற்று அதிகம். அது இறங்கியது கட்டுகஸ்தோட்டையில், எங்கள் அக்கா வீட்டு அலுமாரிக்குக் கீழே.

பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். (போர்டில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்றுதான் இருக்கும். போர்டைப் பார்த்து யாரும் கூப்பிடுவதில்லை.) அப்போது நான் தற்காலிகம். ஒன்லைன் பயிற்சியில் இத்தனை மணித்தியாலம் முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் சிவகௌரி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் இருந்தார். முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்.

“பிள்ளையள், வடிவாக் கேளுங்கோ. கெமராவில உங்கட முகம் தெரியவேணும். முகம் இல்லாட்டி அந்த மணித்தியாலம் கணக்கில வராது. மழைக்குச் சத்தம் போனாலும் பயப்பிடாதேங்கோ. உங்கட முறை வந்தா நீங்கள் கதைச்சுக்கொண்டே இருங்கோ, எங்களுக்குக் கேக்கும்.”

எங்கள் தோட்டத்தில் சிக்னல் வருவது தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில் மட்டும். முதல் வகுப்புக்கு அந்தப் பாறை மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது: ‘நேற்று முழுக்கக் குடைதான் தெரிந்தது. கணக்கில் சேர்க்க முடியவில்லை.’ அழுகை வந்துவிட்டது. இனி ஒரு வகுப்பு போனாலும் வேலை போய்விடும் என்ற நிலை. உடனே பையைக் கட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் வைஃபை உண்டு, அத்தானின் லேப்டாப்பும் உண்டு.

கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பேச வேண்டும். எனக்கு வந்த தலைப்பு, ‘குழந்தையின் மீது எப்போதும் ஒரு கண்’. (சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.)

அன்று காலையில் அக்காவுக்குப் பல் வலி. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

“பல்லு டாக்டர்ட்ட போயிட்டு வந்துர்றேன். தியாவ பாத்துக்க.”

“எனக்கு க்ளாஸ் இருக்கே அக்கா.”

“அதனால என்ன? நீ புள்ள பாக்குற டீச்சர்தானே?”

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அக்கா மகள் தியாவுக்கு அப்போது ரெண்டு வயது தாண்டியிருந்தது. பாயில் உட்கார வைத்து, முன்னால் சட்டி, அகப்பை எல்லாம் போட்டுவிட்டு, அலுமாரிக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் உட்கார்ந்தேன். திரையின் மூலையில் என் முகம் தெரிகிற கட்டத்தின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருந்தேன். இல்லாவிட்டால் வகுப்பு முழுவதும் என் முடியைச் சரிசெய்வதிலேயே போய்விடும். ஃபோனையும் சைலன்ட்டில் போட்டேன். அவ்வளவு ஒழுங்கு!

என் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தியா வந்து கீபோர்டில் ஒரு அடி வைத்துவிட்டுப் போனாள். சத்தம் நின்றது. மிஸ்ஸின் வாய் அசைந்தது, கை என்னைக் காட்டியது. வெளியே தூறலும் இருந்ததால் மழைதான் காரணம் என்று நினைத்துப் பேச ஆரம்பித்தேன்.

“குழந்தையை ஒரு நிமிஷமும் நம் பார்வையை விட்டு விலகவிடக் கூடாது…”

அருமையான பேச்சு. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகியது. கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆட்டினேன். மடுல்கெல்லயிலிருந்து வரும் ராணி அக்கா தலையில் கை வைத்தார். இன்னொருத்தர் எழுந்தே நின்றுவிட்டார். நான் குரலைக் கூட்டினேன். வகுப்பே உருகிப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மிஸ் அவசரமாக ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கெமராவில் காட்டினார்: ‘பின்னால பாருங்கோ’.

எனக்குப் புரிந்தது. நேரம் போய்விட்டதாம், மிச்சத்தைப் பின்னால், அதாவது பிறகு, பார்த்துக்கொள்ளலாமாம்.

“சரி மிஸ், பின்னால பாக்குறேன். இன்னும் ரெண்டே ரெண்டு விஷயம்தான்” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.

மிஸ் தாளைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது என் கண் முன்னால் வெள்ளையாக ஏதோ இறங்கியது. பனியா? இந்த நேரத்திலா? வாயில் பட்டபோது பவுடர் வாசம். தலைக்கு மேலே “அச்!” என்று ஒரு தும்மல்.

திரும்பினேன். அலுமாரியின் இழுப்பறை லாச்சிகள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக இழுபட்டிருந்தன. உச்சியில், பவுடர் டின்னோடு தியா. பயமே இல்லாமல் இன்னும் கொஞ்சம் பவுடரை என் மேல் தட்டினாள். லாச்சிப் பக்கம் பாரம் சாய்ந்தால் அலுமாரியே அவளோடு சேர்ந்து கவிழ்ந்துவிடும். கதிரை ஒரு பக்கம் விழ, ஒரு கையால் அலுமாரியைத் தாங்கி, மறு கையால் அவளை இடுப்போடு அள்ளி மார்பில் அணைத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

பிறகு நான் செய்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. குழந்தையோடு ஓடிவந்து, பவுடர் மூஞ்சியைக் கெமராவுக்கு நேராக நீட்டி, “மிஸ், என் முகம் தெரியுதா? மணித்தியாலம் கணக்குல வருமா?” என்று கேட்டேன்.

தியா மறுபடியும் கீபோர்டில் அடித்தாள். சத்தம் வந்தது. முழு வகுப்பின் சிரிப்பும் ஒரேயடியாக வீட்டுக்குள் கொட்டியது. சிரிப்பு ஓய்ந்ததும் மிஸ் மெதுவாகக் கேட்டார்.

“பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?”

“இல்ல மிஸ்.”

“அதை முதல்ல சொல்லியிருக்கலாம். உம்மட முகம் ஒரு நிமிசமும் விலகேல்ல, ஓம். ஆனா தலைப்பு என்ன எண்டு நினைவிருக்கோ?”

அந்த மணித்தியாலத்தை அவர் சேர்க்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை கண்டிக்கு நேரில் வந்து, அதே தலைப்பில், வகுப்புக்கு முன்னால் நின்று பேசச் சொன்னார். போனேன். பழகிய பேச்சைப் பேசவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். மணித்தியாலம் சேர்ந்தது, வேலையும் நிரந்தரமானது. ஒன்லைன் வகுப்பில் பதிவாகியிருந்த அந்த அலுமாரி வீடியோவைப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டலாமா என்று மிஸ் கேட்டபோது சரி என்றேன். இப்போது கண்டிப் பக்கம் எந்தக் காம்பராவுக்குப் போனாலும், “நீங்க அந்த அலுமாரி டீச்சர்தானே?” என்று கேட்கிறார்கள்.

அத்தான் அலுமாரியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார். அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கியதும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை.

தியா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் போகும் நாட்களில் வீட்டுப்பாடம் செய்யச் சொன்னால், பென்சிலைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுகிறாள்.

“தியா! புத்தகத்த எடு!”

வாசலில் நின்று, என் குரலிலேயே, கையை ஆட்டிச் சொல்கிறாள்:

“சரி சித்தி, பின்னால பாக்குறேன்!”