ஆப்பக்காவின் பிரசவ ரிக்‌ஷா

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேர் ஆப்பத்தின் தயவால்தான் பிறந்தார்கள். டாக்டர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும், என் மகளே சாட்சி.

ஆப்பக்கா முன்பு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். சத்தில்லாமல் வெளிறிப்போய், வண்டி கிடைக்காமல் நேரம் தப்பி வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்து, வேலையை உதறிவிட்டுத் துறைமுக வாசல் பக்கம் ஆப்பக்கடை போட்டார். கூலியாட்களும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் காசு கொடுத்துத் தின்போம். பிள்ளைத்தாச்சிகளுக்கு முட்டையும் பாலும் இலவசம். அந்த வருமானத்திலேயே ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவும், அதை மிதிக்க அந்தோணி என்ற ஆளும் ஏற்பாடாயின.

பிரசவ வலியைத் தவிர வேறு எதற்கும் அந்த ரிக்‌ஷா நகராது. ஒருநாள் கொட்டும் மழையில், ஆபீசுக்கு நேரமாகிறதே என்று நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆப்பக்கா கரண்டியோடு வந்தார்.

"எத்தினி மாசம் நைனா?"

"எனக்கா?"

"ஒனக்குத்தான். குந்திகினு கீறியே, வலி வந்துச்சா?"

கடையே சிரித்தது. நான் நனைந்துகொண்டே நடந்தேன்.

மரவாடி முதலாளி ஒருவர் ஆப்பக்காவிடம் பணக்கட்டை நீட்டி, ரிக்‌ஷாவில் தன் பெயரை எழுதச் சொன்னார்.

"தர்மம் இன்னிக்கு வரும், நாளைக்கு வராது. வவுறு தெனிக்கும் பசிக்கும். ஒதவணும்னா குந்தி துன்னு!"

மனிதர் ரோஷத்தில் பதினாறு ஆப்பம் தின்றார். எழுந்திருக்க முடியவில்லை. அப்போதும் ரிக்‌ஷா தரவில்லை. அந்தோணிதான் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனான்.

எங்கள் முதல் குழந்தையை, வண்டி தேடி அலைந்த நேரத்தில் பறிகொடுத்திருந்தோம். அதனால் இரண்டாவது தடவை என் மனைவிக்கு வலி எடுத்ததுமே கடைக்கு ஓடினேன். அந்தோணி காய்ச்சலில் படுத்திருந்தான்.

ஆப்பக்கா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தானே ரிக்‌ஷாவில் ஏறி மிதித்து என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், பாதி ஆப்பத்தை வாயில் கவ்வியபடி கடையிலிருந்தே கூட ஓடிவந்த நாலு கூலியாட்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். கூடவே ஓடிய எனக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நானும் ஏறிக்கட்டா?"

"ஒனக்கு எத்தினி மாசம்? ஓடி வாய்யா!"

ஓடினேன். நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். தாயும் மகளும் பிழைத்தார்கள்.

மறுநாள் சம்பளக் கவரை அப்படியே நீட்டினேன். ஆப்பக்கா முறைத்தார்.

"எட்த்துகினு போ. ஆபீசு தோஸ்துங்கள இட்டாந்து துன்னு."

இட்டுக்கொண்டு போனேன். கடை இருந்தவரை எங்கள் செக்‌ஷன் முழுவதும் அங்கேதான் தின்றது. ஆப்பக்கா இப்போது இல்லை. அவரிடம் சரியாக நன்றி சொன்னேனா என்று எனக்கு ஞாபகமில்லை. டாக்டர் மட்டும் தொந்தியைக் குறைக்கச் சொல்கிறார்.

"எத்தனை மாசம்ப்பா?" என்று மகள் கேலி செய்கிறாள்.

"நீ பிறந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்" என்கிறேன்.