குழல் மகானும் கொக்கிப்புழுவும்

செங்கல் சூளைச் சாலையில் நடக்க இடமில்லை. குழல் மகான் வந்திருக்கிறார்! நோயாளியின் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து ஒரே உறிஞ்சு. அடுத்த நொடி மகானின் வாயிலிருந்து வெள்ளைப் புழு தட்டில் விழும். மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம். மூளையும் வேண்டாம், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

வெறுங்காலோடு ஈரமண் மிதிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கொக்கிப்புழு. பாதத்தோல் வழியாக உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற ஜந்து. அதற்கு அரசு சுகாதார நிலையத்து நர்ஸம்மா மாத்திரையை இலவசமாகத்தான் கொடுத்தார். அங்கேதான் தப்புச் செய்தார். சும்மா கிடைப்பதை நம் ஜனங்கள் என்றைக்கு நம்பினார்கள்?

அதே சாலையில் கடை வைத்திருக்கும் தையற்காரியின் தங்கையும் சூளையில் மண் மிதிப்பவள்தான். முகம் காகிதமாய் வெளுத்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"மாத்திரை போட்டியாடி?"

"இல்லக்கா. போட்டா புழுவுக்குக் கோபம் வந்து மூளைக்கு ஏறிடுமாம். மகான் சொல்றாரு. ரெண்டு வாட்டியா பதினாலு புழு எடுத்துட்டாரே!"

"பதினாலு போயும் ஏன் இப்படித் தள்ளாடுற?"

"மூணாவது வாட்டி வரணுமாம்."

மறுநாள் சூளையிலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "மகான்கிட்டக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

தையற்காரி நேரே நர்ஸம்மாவிடம் போனாள். "இதுக்கு என்னதாங்க மருந்து?"

"அல்பெண்டசோல், ஒரே மாத்திரை. அது சரிப்படலேன்னா மெபெண்டசோல் இருக்கு, மூணு நாளைக்குக் காலையும் சாயங்காலமும். புழு செத்தாலும் குடிச்ச ரத்தம் திரும்பாது. அதுக்கு இரும்புச்சத்து மாத்திரை விடாம சாப்பிடணும். ஆனா உன் தங்கச்சி வரமாட்டேங்கிறாளே!"

"வருவா. ஒரு நாள் பொறுங்க."

மகானின் கூடாரத்தில் பெண் நோயாளிகளைத் தலையிலிருந்து கால்வரை போர்த்தித்தான் படுக்க வைப்பார்கள். மரியாதையாம். மறுநாள் தையற்காரி தங்கையை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, போர்த்திய ஓர் உருவத்தை இரண்டு பேரை வைத்துக் கட்டிலோடு தூக்கிவந்தாள்.

"ஐயா, ரொம்பக் கூச்ச சுபாவம். வாயே திறக்க மாட்டா."

மகான் கண்களை மூடினார். குழல் இறங்கியது. ஒன்று, இரண்டு என்று ஒன்பது புழுக்கள் தட்டில் விழுந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா போய்ச் சேர்ந்திருப்பா! இப்பதான் நாடி சீராத் துடிக்குது" என்றார் மகான்.

தையற்காரி போர்வையை உருவினாள். அவள் கடையில் சட்டை மாட்டி அளவு பார்க்கிற துணிப் பொம்மை! தலை கிடையாது, கை கிடையாது; போர்வைக்குள் தலையணைகள்தான் அந்த வேலையைப் பார்த்தன. வயிறு நிறையப் பழைய பஞ்சு.

"ஐயா, இதுக்கு நாடி எந்தப் பக்கம்?"

மகானின் கன்னத்தில் இன்னும் மிச்சச் சரக்கு இருந்தது. அவசரமாக விழுங்கப் பார்த்தார். உதட்டோரம் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. தையற்காரி அதைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"பசையில தோய்ச்ச கோணி தைக்கிற நூல். இது எங்க தொழில் ஐயா, எங்ககிட்டயேவா?"

கூட்டத்தில் ஒரு வண்டிக்காரர் மட்டும் மெய்சிலிர்த்து நின்றார். "பொம்மைக்கே ஒன்பது புழு எடுத்தாருன்னா, எப்பேர்ப்பட்ட சக்தி!"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு முட்டியது. பிறகு அழுதாள். "அக்கா, நர்ஸம்மாகிட்டப் போலாம்."

மகான் அதற்குள் கூடாரத்தின் பின்பக்கமாக ஓடிவிட்டார்.

அன்றே மாத்திரை விழுங்கினாள். புழு மூளைக்கு ஏறவில்லை. போகவேண்டிய வழியே போனது. இரண்டு மாதத்தில் முகத்தில் ரத்தம் ஓடியது. சூளை மேஸ்திரியிடம் சண்டை போடும் அளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது.

மகான் இப்போது வேறோர் ஊரில் பல்லிலிருந்து புழு எடுக்கிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். குடலில் இருக்கும் புழுவுக்கு மாத்திரை கண்டுபிடித்துவிட்டார்கள், ஐயா. யோசிக்க மறுக்கிற வியாதிக்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை கிடையாது, நீங்களேதான் வாயைத் திறந்து "ஏன்?" என்று கேட்டாக வேண்டும்.