அக்கா வெப்சைட்டுல ஏறுன என் ஃபைலுங்க

சனிக்கிழமை எனக்கு வேல ஒன்னே ஒன்னுதான். எங்கக்கா வெப்சைட்டுல புது மெனுவ ஏத்தணும்.

அக்கா தெலுக் இந்தான் டவுன்ல கேட்டரிங் பண்றாங்க. நான் ஈப்போல ஒரு லாரி கம்பெனில கிராணி, கணக்கு எழுதுற வேல. குடும்பத்துல யாரு போன் மக்கர் பண்ணாலும் என்னத்தான் கூப்புடுவாங்க. அந்தத் திமிருல, வெப்சைட்டையும் நானே பாத்துக்கறேன்னு போன மாசம் வாங்கிக்கிட்டேன்.

காலைல பத்து மணிக்கு அக்கா போன்.

"தம்பி, இங்க பக்கத்துல ஹுத்தான் மெலிந்தாங்ல ஒரு கல்யாணம். எண்ணூறு பேரு! பொண்ணோட அப்பா ரெண்டு மணிக்கு வெப்சைட்டுல மெனு பாத்துட்டு முடிவு சொல்றாராம். சீக்கிரம் மாத்துடா."

"அஞ்சு நிமிஷம்க்கா!"

அஞ்சு நிமிஷமாம்! பேச்சப் பாரு!

வெப்சைட்டுக்கு ஃபைல் அனுப்ப ஒரு சாஃப்ட்வேர் வேணுமேன்னு நெட்டுல தேடினேன். 'சிறந்த பத்து'ன்னு ஒருத்தன் பட்டியல். 'சிறந்த பதினஞ்சு'ன்னு இன்னொருத்தன். எல்லாத்துலயும் முதல் இடம், பட்டியல் போட்டவனே விக்கிற சாஃப்ட்வேருக்கு. என்னா நேர்மை!

முதல்ல இலவசமா ஒன்ன இறக்கினேன். கூடவே வானிலை சொல்றது ஒன்னு, சீட்டு வெளையாட்டு ஒன்னு வந்து உக்காந்துக்கிச்சி. ஃபைல் அனுப்புறது மட்டும் வரல.

ரெண்டாவது பாக்க அழகு. பதினாலு நாள் சும்மா சோதிச்சுப் பாக்கலாமாம். கனெக்ட் பட்டன அழுத்தினா, 'இதுக்குக் காசு கட்டணும்'னுது. கனெக்ட்டே ஆகாம பதினாலு நாளா என்னத்த சோதிக்கிறது? கலரையா?

ஆபீஸ் கூட்டாளி குமாருக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர்னா அவன் வாய மூட மாட்டான்.

"மச்சான், ஃபைல் அனுப்ப எஃப்டிபி வழி வேணாம் லா. எஸ்எஃப்டிபி போடு. அதான் பாதுகாப்பு."

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"ஒரு எஸ்ஸு."

நாப்பது நிமிஷம் பேசி நான் கத்துக்கிட்டது அந்த எஸ்ஸு ஒன்னுதான்.

மூணாவது சாஃப்ட்வேர். இடது பக்கம் என் கம்ப்யூட்டர், வலது பக்கம் வெப்சைட். கனெக்ட் ஆயிருச்சி! மணி ஒன்னே முக்கால்.

மெனு ஃபைல மட்டும் இழுத்துப் போட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும். ஆனா மேல பெருசா ஒரு பட்டன்: 'ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கு'. அறிவாளி நான், அத அழுத்தினேன். என்னமோ கேட்டுச்சி. படிக்காமலே 'சரி'ன்னேன்.

வெப்சைட்டத் தொறந்து பாத்தா, பிரியாணி படம் இல்ல. அக்கா பேரே இல்ல. வெள்ளைத் திரைல என் கம்ப்யூட்டர்ல கெடந்த ஃபைல் பேருங்க வரிசையா நிக்குது.

'டயட் பிளான்'. 'டயட் பிளான் புதுசு'. 'டயட் பிளான் இதான் கடைசி'. 'முதலாளிக்கு ராஜினாமா, அனுப்பல'.

அதுக்குக் கீழ, 'அக்கா சமையல் குறைகள்'.

அலாமா!

உள்ளதச் சொல்லுடான்னு அக்கா கேட்டப்ப எழுதினது. குடுக்கத் தைரியம் இல்லாம ஒளிச்சு வெச்சிருந்தேன். இப்ப உலகமே படிக்கலாம்.

போன் அடிச்சது.

"டேய், என் வெப்சைட்டுல எதுக்குடா உன் டயட்டு?"

"டெஸ்டிங்க்கா!"

"சாம்பார்ல சீனி ஜாஸ்தி, மட்டன் ரப்பர் மாதிரி இழுக்குதுன்னு போட்டிருக்கே. அதுவும் டெஸ்டிங்கா?"

போன வெச்சிட்டேன்.

வெப்சைட்டுக்கு எடம் குடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு தமிழ்ப் பொண்ணு எடுத்துச்சி.

"பழசு எங்ககிட்ட காப்பி இருக்குண்ணே, திருப்பிப் போட்டுர்றேன். ஆமா, சாஃப்ட்வேர் எதுக்குண்ணே? எங்க பக்கத்துல லாகின் பண்ணா 'அப்லோட்'னு பட்டன் இருக்கே. பாக்கலியா?"

"பாத்தேன்மா. இவ்ளோ லேசா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

அந்தப் பொண்ணு சிரிப்ப அடக்குனது எனக்குக் கேட்டுச்சி.

மூணு மணிக்கு மறுபடி அக்கா. பொண்ணோட அப்பா சரியா ரெண்டு மணிக்குத் தொறந்து, எல்லாத்தையும் படிச்சிட்டாராம். மட்டன் வரைக்கும்.

"ஆர்டர் போச்சாக்கா?"

"குடுத்துட்டாரு. சொந்தக் குறைய வெளிப்படையா போடுற கேட்டரிங்க இப்பதான் பாக்குறாராம். ஒரே ஒரு கண்டிஷன். அத எழுதுன ஆளே ஒவ்வொரு சட்டியையும் ருசி பாத்து, நல்லாருக்குன்னு கையெழுத்துப் போடணுமாம்."

கல்யாணத்துக்கு ஒத்திகையா இதுவரைக்கும் மூணு தடவ சமைச்சுப் பாத்தாச்சு. மூணு தடவையும் அக்கா கரண்டியோட எதுக்கவே நின்னாங்க.

மூணு தடவையும் கையெழுத்துப் போட்டுட்டேன்.