பேர் கூப்பிட்டால் பந்து வரும்

உத்திரமேரூர் ஒன்றியத்தில் உள்ள அத்தனை பள்ளிக்கூடங்களின் சத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினாலும், பந்து டீச்சரின் ஒன்றாம் வகுப்புச் சத்தத்துக்கு உறைபோடக் காணாது. இதை நான் அடித்துச் சொல்வேன். சுவருக்கு இந்தப் பக்கம் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் அதை வாங்கிக்கொண்ட காது என்னுடையது.

மானாம்பதிப் பக்கம் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று நான், இன்னொன்று வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் அவர். பெற்றோர் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார் என்பது என் எண்ணம். ஊருக்கு அவர் பந்து டீச்சர். தறி வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த கழிவுப் பட்டு நூலை உருட்டி உருட்டி அவரே செய்த பந்து அது. ஆங்காங்கே ஜரிகை மினுக்கும். மூக்கில் பட்டால் வலிக்காது. என் மூக்கில் பட்டிருக்கிறது.

ஆட்டம் எளிதுதான். அவர் ஒரு வார்த்தை சொல்லிப் பந்தை எறிவார். பிடித்த பிள்ளை அதே ஓசையில் முடிகிற வேறு வார்த்தை சொல்லி அடுத்தவருக்கு எறிய வேண்டும். ஆடு, மாடு, காடு, ஓடு என்று கூரை கிழியும். புது வார்த்தையைச் சொந்தமாகவும் தயாரிக்கலாம். ஆனால் அர்த்தம் சொல்லத் தெரியாவிட்டால் அவுட்.

இன்னொரு ஆட்டத்தில் பிள்ளைகள் கழுத்தில் படம் தொங்கும். பல் மாட்டியவன் கல் மாட்டியவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருநாள் பூனைப் படம் மாட்டிய கனி என்கிற குட்டிப் பெண் ஜோடி கிடைக்காமல் என் அறைக்குள் புகுந்தாள். என் தொப்பையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "டீச்சர், பானை கெடச்சிருச்சு!" என்று கத்தியபடி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வருகைப் பதிவும் இதே கூத்துதான். அந்த வகுப்பில் "உள்ளேன் டீச்சர்" செல்லாது. அவரவர் பெயரோடு சேர்கிற வார்த்தைதான் பதில்.

"கனி?"

"பனி!"

"முத்து?"

"சொத்து!"

ஜஸ்டின் என்ற பையனுக்கு மட்டும் வார்த்தை அகப்படாமல் வகுப்பே பல நாள் அலைந்தது. கடைசியில் அவனே "பால் டின்!" என்று கண்டுபிடித்தபோது கைதட்டல் சாலைவரை கேட்டது. என்னையும் விட்டுவைக்கவில்லை. "குமார் சார்?" என்று டீச்சர் கூப்பிட, பிள்ளைகள் ஒரே குரலில் "சுமார்!" என்றன. தினமும்.

இதன் பலன் வட்டார அலுவலகக் கூட்டத்தில் தெரிந்தது. அதிகாரி ஒவ்வொரு தலைமையாசிரியர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "குமார்?" என்றார். நான் எழுந்து நின்று, மிடுக்காக, "சுமார்!" என்றேன். அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்று பள்ளிக்கு வந்து டீச்சரிடம் பொரிந்து தள்ளினேன். "டக்குன்னு வந்துச்சா சார்? அப்போ பாடம் ஏறிக்கினு கீதுன்னு அர்த்தம்" என்றார் அவர்.

வினை வேறு வழியாக வந்தது. கனியின் அப்பா சேகர், ரைஸ் மில் லாரி ஓட்டுபவர், ஒருநாள் காலையில் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"இன்னா சார் பாடம் நடத்தறீங்க? நேத்து என் மச்சான் வூட்டுக்கு வந்துகிறாரு. மாமாவுக்குத் தண்ணி கொண்டாம்மான்றேன். அது அவரு மூஞ்சியப் பாத்து 'பன்னி'ன்னுது! மனுசன் சாப்புடாமக்கூட பூட்டாரு. டிசி குடுங்க. இங்கிலீஷ் ஸ்கூலு வேன்ல ஏத்தி வுடறேன்."

சேகர் போனால் அவர் தெருவே பின்னால் போகும். பிள்ளைகள் குறைந்தால் பணிநிரவல் என்று ஓர் ஆசிரியரைத் தூக்கி வேறு ஊரில் போட்டுவிடுவார்கள். இருவரில் இளையவர் பந்து டீச்சர். போகப்போவது அவர்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவரோ டிபன் பாக்ஸை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு சார் பயப்படறீங்க? வெள்ளிக்கெழம பெத்தவங்க மீட்டிங் கீது இல்ல? அது முடிஞ்சும் கேட்டா குடுத்துருங்க."

வெள்ளிக்கிழமை வகுப்பறை நிறையப் பெற்றோர். நான் வரவேற்புரைக்காகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் டீச்சர், "லாரி!" என்று கத்திப் பந்தைச் சேகர் மேல் எறிந்துவிட்டார்.

பிடித்துக்கொண்ட சேகர் திருதிருவென்று விழித்தார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. "மாரி!" என்று பந்தை வீசினார். தறிக்காரர் ஒருவர் பிடித்து "வியாபாரி!" என்றார். அவர் மனைவி "பூசாரி!" என்றார். "சவாரி!" "அதிகாரி!" என்று பந்து பறந்தது. திரும்பச் சேகரிடம் வந்தபோது மனிதர் நெற்றி வியர்க்க யோசித்து, "கம்மாரி!" என்றார்.

"அப்டின்னா இன்னாபா?" என்றார் தறிக்காரர்.

"அது... லாரிக்குள்ள ஒரு ஐட்டம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கனி விடவில்லை. "பொய்யி! நைனா அவுட்டு!"

சிரிப்பு அடங்கியதும் சேகர் முகம் இறுகியது. "வெளயாட்டெல்லாம் சரி டீச்சர். படிப்பு?"

டீச்சர் கனியை உள்ளே கூப்பிட்டார். கரும்பலகையில் 'கட்டு' என்று எழுதினார். கனி படித்தாள். முதல் எழுத்தை மட்டும் அழித்து வேறு எழுத்து போட்டார். "பட்டு" என்றாள். மறுபடி அழித்தார். "தட்டு." "மொட்டு." "லட்டு!" எழுத்துக் கூட்டவே இல்லை, சாக்பீஸ் நிமிர்வதற்குள் பதில் வந்தது.

"இதெல்லாம் நான் எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணது இல்லண்ணா. பாதி வார்த்த அது காதுலயே கீது. மொத எழுத்த மட்டும் பாத்தா போதும், படிச்சிரும்" என்றார் டீச்சர்.

சேகர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே டிசி கேட்டுவிடுவாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல எழுந்து டீச்சரிடம் போய்க் கையை நீட்டினார்.

"பந்த குடுங்க டீச்சர். நான் அவுட்டானது செல்லாது. இன்னொரு ரவுண்டு."

கூட்டம் இருட்டும்வரை நடந்தது. என் வரவேற்புரையை நான் இன்றுவரை ஆற்றவில்லை.

டிசியும் போகவில்லை, டீச்சரும் போகவில்லை. போன வருஷம் பதவி உயர்வு வந்து, அவராகத்தான் புள்ளலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனார். பந்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "பத்தரமா பாத்துக்கோங்க சார்" என்றார். அதற்குப் பிறகு, நான் அத்தனை வருஷம் வேண்டிக்கொண்டிருந்த அமைதி சுவருக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ஒரு வாரம்கூட என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது ஒன்றாம் வகுப்புக்கு நானேதான் பேர் கூப்பிடுகிறேன், கையில் பந்தோடு. எல்லாப் பெயரும் முடிந்ததும் கடைசியாக என் பெயரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் ஒன்றாகக் கத்துகிற அந்தச் "சுமார்!" காதில் விழுந்தால்தான், பந்து டீச்சர் பக்கத்து அறையில் இருப்பதுபோல் இருக்கிறது.