மேல் வீட்டுக்கு நான்கு அணிகள்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்து போகட்டும். கோவை சரவணம்பட்டியில், பாலுசாமி வீட்டு வாசலில் நடந்தது. நடந்தபடியே சொல்கிறேன்.

மேல் வீட்டுச் சென்னியப்பன் பூந்தொட்டிகளுக்கு ஊற்றும் தண்ணீர் ஒழுகி, சரியாகப் பாலுசாமியின் தலைவாசலில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பாலுசாமியின் மகள் ரித்திகாவைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வருகிறார்கள். ஒரு வருடமாகத் தேடிக் கிடைத்த இடம். பட்டுப்புடவை மேல் தண்ணீர் விழுந்தால் காரைத் திருப்பிவிடுவார்கள்.

"மேல போயி, தண்ணி ஒழுகுதுன்னு சொல்லிப்போட்டு வாங்க" என்றாள் மனைவி குழந்தையம்மாள்.

"மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அவரு மனசு நோகாதா?"

பி.எட். படிக்கும் ரித்திகா அணியிலக்கணத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து, "அப்பா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்க. படிப்பு முடியட்டும்" என்றாள்.

"எல்லாப் புள்ளைகளும் பேச்சுக்குச் சொல்றதுதான் கண்ணு அது. மேல் ஊட்டுக்காரர்கிட்ட நோகாமச் சொல்றதுக்கு இந்தப் பொஸ்தகத்துல ஏதாச்சும் இருக்குதா, பாரு."

ரித்திகா புத்தகத்தைப் புரட்டினாள். "வஞ்சப்புகழ்ச்சி அணிங்கப்பா. புகழற மாதிரியே குத்திக்காட்டறது."

பாலுசாமி படியேறினார். "ஏனுங்ண்ணா, உங்க புண்ணியத்துல எங்க வாசல் கோவைக் குற்றாலமாட்டம் இருக்குதுங்க."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப சந்தோசமுங்க."

மறுநாள் ஏழு தொட்டி முப்பது தொட்டியானது.

"அடுத்தது உயர்வு நவிற்சி" என்று பக்கத்தைத் திருப்பினாள் ரித்திகா. "இருக்கறதைப் பல மடங்கு பெருசாக்கிச் சொல்றது."

"அண்ணா, நாங்க ஊட்டுக்குள்ள இப்பப் பரிசல்லதானுங்க போறோம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்தலாமுங்களா?" என்றார் சென்னியப்பன். மறுநாள் ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் வந்து இறங்கியது. பாலுசாமி வாசலில் விட்ட செருப்பு நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, கணபதி பஸ் ஸ்டாப்பில் கரை ஒதுங்கியது. நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன்.

மூன்றாவது, பிறிது மொழிதல். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லிப் புரியவைப்பது. களத்தில் சோளம் காயும்போது பெய்து கெடுத்த ஒரு மேகத்தின் கதையைப் பாலுசாமி அரைமணி நேரம் சொன்னார். "அருமைங்க" என்ற சென்னியப்பன், சனிக்கிழமை கைப்பிடிச் சுவர் முழுக்கத் தெளிப்பான் பொருத்தினார். வாசலில் கெளுத்தி மீன் ஏறியது.

பாலுசாமி குழம்பிப்போனார். குழந்தையம்மாள் "சாப்பிட வாங்க" என்றால்கூட, அது எந்த அணி, போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் பசியோடு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்துக் கார் வந்தது. கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் ஒரு விரற்கடை இறங்கியது. "நல்ல குளிர்ச்சியான ஊடுங்க. பொறவு ஒரு நாளைக்கு வாரோமுங்க" என்றது ஒரு குரல். கார் திரும்பிவிட்டது. அது எந்த அணி என்று பாலுசாமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நேராகப் படியேறினார். "தண்ணி ஊத்தாதீங்க. என் புள்ளை சம்பந்தமே போச்சு."

சென்னியப்பன் விழித்தார். "அது போறதுக்குத்தானுங்களே ஊத்துனேன்? செவ்வாக்கிழமையே உங்க ரித்திகா அம்மணி வந்து, 'மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்லா ஊத்துங்க'ன்னு சொல்லிப்போட்டுப் போச்சுங்களே. நீங்க வேற நாளுக்கு ஒருக்கா வந்து பாராட்டிட்டுப் போனீங்க."

கீழே வந்த பாலுசாமி மகள் எதிரே உட்கார்ந்தார். "அவருகிட்ட நீ சொன்னது என்ன அணி கண்ணு?"

"தன்மை நவிற்சிங்கப்பா. உள்ளதை உள்ளபடி சொல்றது. உங்ககிட்டயும் அதைத்தான் மொதல்ல சொன்னேன்."

அதன்பின் படிப்பு முடியும்வரை பாலுசாமி கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

நம்பாதவர்கள் சரவணம்பட்டிக்கு வந்து அந்த வீட்டைப் பார்க்கலாம். அடையாளம் சுலபம். அந்தத் தெருவிலேயே மாடி இல்லாத வீடு அது ஒன்றுதான்.