பெண்ணைத் திருடிய விருந்தாளி

மேடை எங்கே என்றுதான் கோமதிநாயகம் முதலில் தேடினார்.

வரவேற்பு என்றால் மேடை வேண்டும். வரிசையில் நின்று ஏறி, பரிசைக் கொடுத்து, பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு, பந்திக்கு இறங்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பவேரியச் சிற்றூரின் விடுதிக் கூடத்தில் மாப்பிள்ளை கோர்பினியனும் பெண் வெரோனிகாவும் எல்லோரையும்போல ஒரு மேசையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

பரிசுப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்தபடி அவர் நடுக்கூடத்தில் நின்றார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

"பரிசை அந்த மூலையில வெச்சுட்டுப் போங்க," என்றாள் தட்டு ஏந்தி வந்த பணிப்பெண். "உங்க பேர் போட்ட நாற்காலி எங்கயாவது இருக்கும்."

இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், பெண்ணின் அத்தை வால்புர்காவுக்கு எதிரில்.

கோர்பினியன் கோமதிநாயகத்தோடு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். அங்கே எல்லோரும் நல்லவர்கள்தான், குறை சொல்லக் கூடாது. மதியம் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்து, "நல்லா சாப்பிடுங்க" என்பார்கள். பிறகு சாப்பிடுவார்கள். எழுந்து போய்விடுவார்கள். ஒரு நாளில் அவர் காதில் விழும் மனிதப் பேச்சு அவ்வளவுதான். சாயங்காலம் அறைக்குப் போனால் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமும். மாதங்கள் இப்படியே போய்விட்டன. அன்று காலை ஊரிலிருக்கும் மனைவி வடிவிடம் போனில் சொல்லிவிட்டார்.

"இந்தக் கல்யாணத்துல ஒரு மனுசனாவது முகம் கொடுத்துப் பேசலைன்னா, திங்கக்கிழமை வேலைய விட்டுட்டு வந்துருதேன்."

"மொதல்ல நீங்க வாயத் தொறந்து பேசுங்க," என்றாள் வடிவு.

அதனால் பேசினார். "கேக் நல்லாருக்கு."

"நல்லாருக்கு," என்றாள் வால்புர்கா அத்தை.

அதோடு அந்தப் பேச்சு செத்துப்போனது.

அப்போதுதான் அது நடந்தது. தடித்தடியாக இரண்டு ஆட்கள் வெரோனிகாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து, சமையலறைக் கதவு வழியாக விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். பார்த்தது கோமதிநாயகம் ஒருவர்தான். எதிரே இருந்த அத்தையின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, பொண்ணைத் தூக்கிட்டுப் போறாங்க."

அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆமா, நேரமாச்சே."

இதென்ன குடும்பம்? ஓடிப்போய் மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார். "உங்க பொண்டாட்டியை ரெண்டு பேர் கடத்திட்டுப் போறாங்க."

"போயிட்டாங்களா?" கோர்பினியன் பீரை ஒரு மடக்குக் குடித்தான். "இதை முடிச்சுட்டு மெதுவாத் தேடிக்கலாம். நீங்க உட்காருங்க."

கட்டின தாலியின் ஈரம் காயவில்லை என்பார்கள் நம் ஊரில். இவன் விரலில் மோதிரம் ஏறி அரை நாள் ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு கல்நெஞ்சு. கோமதிநாயகத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தனியாகவே பின்னால் ஓடினார்.

தெருக்கோடி மதுக்கடையில் அவர்களைப் பிடித்தார். தடியர்கள் இரண்டு பேரும் கல்லாப்பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி நின்றார்கள். வெரோனிகா ஜன்னலோரம் ஒரு கோப்பையோடு இருந்தாள். பயத்தை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தார்.

"பயப்படாதீங்க. நான் கோர்பினியனோட வேலை பார்க்கிறவன். சத்தம் போடாம என்கூட வாங்க."

அவள் கண்கள் விரிந்தன. "இவங்ககிட்டயிருந்தே என்னைத் திருடப் போறீங்களா?"

"திருடல. காப்பாத்துறேன்."

"அது இன்னும் நல்லாருக்கு," என்று சொல்லி, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அவளே முதலில் பின்கதவு வழியாக ஓடினாள்.

தோட்டங்களுக்குள் புகுந்து கூடத்துக்கு வந்தால் ஈ காக்கை இல்லை. எல்லோரும் பெண்ணைத் தேட முன்வழியாகக் கிளம்பியிருந்தார்கள்.

"நீங்க இங்கயே கதவைச் சாத்திட்டு இருங்க. நான் போய் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர்றேன்," என்று மறுபடி ஓடினார். இத்தனை வயதில் இவ்வளவு ஓட்டம் அவருக்கு ஆகாது.

மதுக்கடைக்குப் போனால், கடைக்காரர் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தடியனுங்க எங்க? பிடிச்சாச்சா?" என்றார் கோமதிநாயகம்.

"எதுக்குப் பிடிக்கணும்? ஒருத்தன் பொண்ணோட அண்ணன், இன்னொருத்தன் மாப்பிள்ளைத் தோழன்."

"அப்ப கடத்தினது?"

"விளையாட்டுங்க. பொண்ணைத் தூக்கிட்டு வந்து கடையில உட்கார வெச்சுக் குடிப்பாங்க. மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிச்சு, கணக்கைத் தீர்த்துட்டு மீட்டுட்டுப் போகணும். காலங்காலமா நடக்குறதுதான். இன்னிக்கு மாப்பிள்ளை வந்தாரு, பொண்ணைத்தான் காணோம். யாரோ நிஜமாவே தூக்கிட்டான். இந்த ஊர்ல இப்படி நடந்ததே இல்லை."

கோமதிநாயகத்தின் காதுகள் சுட்டன. தட்டுத்தடுமாறி வெளியே வந்தார். தெருமுனையில் மேளதாளத்தோடு கல்யாணக் கூட்டமே திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்னால் அந்தத் தடியர்களில் ஒருவன்.

"அந்தா நிக்கிறாரு, விடாதீங்க!"

விடாதீங்க என்றால் வேறு என்ன அர்த்தம்? எடுத்தார் ஓட்டம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒளிந்தார், வாத்தியச் சத்தம் அங்கே வந்தது. தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குப் போனார், அங்கேயும் வந்தது. ஒரு வீட்டு விறகு அடுக்குக்குள் குனிந்து உட்கார்ந்தார். நாய் காட்டிக்கொடுத்தது. பிறகு எப்படியோ ஊர் எல்லைப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பேருந்து கிடையாது. தெரிந்தும் உட்கார்ந்தார்.

சட்டையில் விறகுச் சிலாம்பு. கால்சட்டை முட்டியில் கிழிசல். அழுகை வந்தது, அழுதார், யாரும் பார்க்கவில்லை. இத்தனை மாதமாக அவரோடு பேச ஆள் இல்லை. இனி ஊரே பேசும், கல்யாணத்தைக் கெடுத்த அந்நியன் என்று. வடிவை அழைக்கப் போனை எடுத்தார். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பப் பைக்குள் வைத்தார்.

மூச்சிரைக்க ஒருவர் வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். கழுத்தில் பெரிய பித்தளைக் குழல், முகமெல்லாம் வேர்வை. வாத்தியக்காரர்.

கோமதிநாயகம் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "பொண்ணு கூடத்துல பத்திரமா இருக்காங்க. எனக்கு உங்க வழக்கம் தெரியாது. மன்னிச்சிருங்க. நான் ஊருக்கே போயிடுறேன்."

வாத்தியக்காரர் குழலைக் கழற்றி மடியில் வைத்தார். கோமதிநாயகத்தின் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"பொண்ணு அப்பவே கிடைச்சுட்டாப்பா. நீ வந்து உட்காராம ஒருத்தரும் சூப்பைத் தொடக் கூடாதுன்னு அவதான் சொல்லிட்டா, ஊரே இவ்வளவு நேரமா உன்னைத்தான் தேடுது."