கையுறை கடைசி

உதவிக்கு வந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூப்பிட வேண்டியதில்லை, தானே வருவார்கள். நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தால், கண் சிமிட்டுவதற்குள் ஊசியும் நூலும் அவர்கள் கையில் இருக்கும், நீங்கள் வெறுங்கையோடு நன்றி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆண்டவர் ஆளுக்கு இரண்டு கைதான் கொடுத்தார். இவர்களுக்கு அது போதாது. பக்கத்தில் இருப்பவரின் இரண்டையும் எடுத்துக்கொள்வார்கள். கெட்டவர்கள் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். அன்பானவர்கள். அதுதான் தொந்தரவே.

அமெரிக்காவில் எங்கள் மினசோட்டாப் பக்கத்தில் இந்த இனத்துக்குக் கொடி பிடிக்கிறவள் கோரின் லிண்ட்க்விஸ்ட். ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் யார் காபி ஊற்றினாலும் கெட்டிலின் கைப்பிடியில் கோரினுடைய கையும் இருக்கும். அவளுடைய ஒரே பிள்ளை ஆர்லோவுக்கு ஐந்து வயது. அவனுக்கு வாழைப்பழம் உரிப்பது அவள், மூக்குச் சிந்துவது அவள், பிறந்தநாளுக்கு அவன் வாயைக் குவிப்பதற்குள் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிடுவதும் அவள்தான்.

அந்த ஆர்லோ இந்த வருஷம் மழலையர் வகுப்புக்குப் போகிறான். டிசம்பர் மாதத்தில் பிள்ளைகள் அங்கே என்ன படிக்கிறார்கள் தெரியுமா? எழுத்தா? கணக்கா? அதெல்லாம் இருக்கிறது, ஓரமாக. உண்மையான பாடம், வெளியே போக உடுத்துவது. பனிக்கால்சட்டை, பூட்ஸ், கோட்டு, குல்லா, கையுறை. வரிசை தப்பக் கூடாது. பூட்ஸை முதலில் போட்டவன் கால்சட்டைக்குள் கால் நுழையாமல் தரையில் உருளுவான். கையுறையை முதலில் மாட்டியவனுக்கு விரல் போச்சு, ஜிப் போச்சு, விளையாட்டு நேரமும் போச்சு. அதனால் டீச்சர் மிஸஸ் ஒபெர்க் தினமும் "கடைசி எது?" என்று கேட்பார். "கையுறை கடைசி!" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தும். யார் உதவியும் இல்லாமல் முதலில் உடுத்தி முடிக்கிற பிள்ளைதான் வரிசைக்குத் தலைவன். பனிமேட்டில் முதல் சறுக்கல் அவனுக்கு.

ஆர்லோ ஒரு நாளும் முதலில் வந்ததில்லை. எப்படி வருவான்? ஜிப்பை இழுக்கத் தெரிந்தால்தானே! ஆனாலும் கொஞ்ச நாளாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல், கோட்டை மாட்டி மாட்டிப் பழகியிருந்தான். விடுமுறைக்கு முந்தின கடைசி நாள் வந்தது. இன்றைக்கு விட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

அன்றைக்குப் பார்த்து கோரின் உதவிக்குக் கிளம்பினாள்.

"அம்மா, நீ இன்னைக்கு வராதம்மா."

"ஏன் கண்ணு? டீச்சர் ஒண்டியாக் கஷ்டப்படுவாங்க இல்ல?"

"கஷ்டப்பட மாட்டாங்க. நீ வந்தாதான்..."

அவள் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். வாயில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

காலையில் வகுப்பில் கிறிஸ்துமஸ் பிஸ்கட் வீடு கட்டும் வைபவம். காலியான பால் அட்டைப்பெட்டியின் மேல் ஐசிங் என்கிற சர்க்கரைக் குழம்பைத் தடவி, பிஸ்கட்டை ஒட்டி, மிட்டாயால் அலங்கரிக்க வேண்டும். ஆர்லோ கட்டிய வீடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கூரை பாதி, மிட்டாய் ஒன்றே ஒன்று.

"இது என்ன கண்ணு?"

"புகைபோக்கி."

"புகைபோக்கி சுவத்துலயா வரும்? கொடு இப்படி."

அவன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அங்கே மாடி வந்திருந்தது, வேலி வந்திருந்தது, பெப்பர்மிண்ட் தூண்கள் வந்திருந்தன, மாட்டுக்கொட்டகைகூட வந்திருந்தது. கோரினுக்கு முழங்கைவரை ஐசிங். பக்கத்து மேஜைப் பிரிட்டா எட்டிப் பார்த்தாள்.

"ஏ ஆர்லோ, உங்க அம்மா ரொம்ப நல்லாப் படிக்கிறாங்கடா!"

ஆர்லோ மாளிகையைச் சுற்றி வந்து பார்த்தான். "நல்லா இருக்கும்மா. போறப்ப உன் வீட்டை மறக்காம எடுத்துட்டுப் போ."

கோரினுக்கு அது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அந்த இனத்தில் அவளுக்கு என்ன வேலை?

விளையாட்டு நேரத்துக்கு மணி அடித்தது. ஐயோ, அந்தக் காட்சி! மல்லாந்து காலை உதைக்கிறவர்கள், குல்லாவுக்குள் கையை விடுகிறவர்கள், ஒரு பூட்ஸை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறவர்கள். நடுவில் குதித்தாள் கோரின். பிரிட்டாவின் இடது பூட்ஸ் ஒரு பையன் காலுக்குப் போனது, அந்தப் பையனுடைய குல்லா இன்னொருத்தி தலைக்குப் போனது, யாருடையதென்றே தெரியாத கால்சட்டை ஒன்று டீச்சர் தோளில் வந்து விழுந்தது.

"கோரின்," என்றார் மிஸஸ் ஒபெர்க், கால்சட்டையை எடுத்து மடித்தபடி, "நீங்களும் வெளிய வாங்களேன். போய் உங்க கோட்டைப் போட்டுக்குங்க."

கோரின் திரும்பிப் பார்த்தாள். அதோ ஆர்லோ, நாக்கைத் துருத்திக்கொண்டு ஜிப்போடு போராடுகிறான்! சட்டென்று உடுத்திவிட்டு ஓடிப் போய் இழுத்துவிட வேண்டியதுதான். கோட்டில் கை நுழைத்தாள், குல்லாவைக் கவிழ்த்தாள், கம்பளிக் கையுறை இரண்டையும் மாட்டினாள். அப்புறம்தான் தன் ஜிப்பைத் தேடினாள்.

பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை! ஐசிங் காயக் காயக் கல்லாகும் சாமான். கம்பளியும் விரலும் ஒன்றாகிப்போயிருந்தன. பல்லால் இழுத்தாள். வாய் நிறையக் கம்பளி. அதுவும் இனிப்புக் கம்பளி.

"கையுறை கடைசி!" என்று முதலில் கத்தியது பிரிட்டா. அப்புறம் வகுப்பே கத்தியது.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் சர்ரென்று ஒரு சத்தம். ஆர்லோவின் ஜிப் தாடைவரை ஏறியிருந்தது. குல்லா. கையுறை. நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோய்க் கதவருகில் முதல் ஆளாக நின்றான்.

ஆனால் எல்லோரும் ஜிப் போட்டால்தான் வரிசை நகரும். அது சட்டம். பிள்ளைகள் எல்லோரும் போட்டாயிற்று. பாக்கி ஒரே ஆள்.

"ஆர்லோ," என்றாள் கோரின், கெஞ்சலாக. "அம்மாவுக்கு இதைக் கொஞ்சம் இழுத்து விடு கண்ணு."

ஆர்லோ அம்மாவைப் பார்த்தான். உதவிக்கு ஓடிவந்துவிடுவான் போலத்தான் இருந்தது, அவனும் அவள் வயிற்றுப் பிள்ளைதானே! அப்புறம் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மிஸஸ் ஒபெர்க் தினமும் சொல்கிற அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னான்:

"அவசரமில்லம்மா. நீயே போடு. நாங்க காத்திருக்கோம்."

மிஸஸ் ஒபெர்க் அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

கோரின் பொம்மை நாற்காலி மாதிரி இருந்த ஒன்றில் உட்கார்ந்தாள். ஊதினாள், உரித்தாள், நக்கினாள். ஒரு விரல் வந்தது, இன்னொன்று வந்தது. கடைசியில் ஜிப்பும் ஏறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கையுறை போட்ட கைகளாதலால் பொத் பொத்தென்று சத்தம். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. ஒருத்தரும் தொடாமல் தானே செய்து முடித்தால் இத்தனை சந்தோஷமா?

பனிமேட்டில் முதல் சறுக்கல் ஆர்லோவுடையது. குப்புற விழுந்து எழுந்தான். குல்லா ஒரு காதை விட்டுவிட்டுக் கோணலாக நின்றது. மேட்டு உச்சியில் கோரின் தன் ஒரு கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கர்த்தாவே, பலம் தாரும்" என்று முணுமுணுத்தாள். தந்தார்.

நன்றாகச் சிரித்தீர்களா? நல்லது. ஆனால் அந்தக் குல்லா கோணலாக நிற்கிறது என்றதும் உங்கள் விரல் ஒன்று துடித்ததே, அது எதற்கு? இந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஜோடித்த குடிலில் தொழுவத்து வைக்கோலைச் சரிசெய்து, மாட்டைக் கொஞ்சம் நகர்த்தி, குழந்தை இயேசுவுக்குப் போர்த்திவிட்டு வந்தது யார்?

சரி, சரி, கோபம் வேண்டாம். உங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் போட்டுவிடலாம். கையுறை முதலில்.